எந்தப் பொதுசனம்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, 'போக்குவரத்துத் தொழிலாளர் போராட்டமும் பொதுமக்கள் ஆதரவும்'. கவிதை எழுதுறவனை இதுக்கு ஏன் கூப்பிட்டாங்கன்னு முதல்ல குழப்பமா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். நான் பாங்க் கிளார்க். வேலைநிறுத்தம் செய்தால் சனங்கள் எப்படித் திட்டுவார்கள் என்பதைக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டவன். நாங்கள் ஒருநாள் ஸ்ட்ரைக் பண்ணிவிட்டு மறுநாள் வந்தால் வரிசையில் நிற்கிற பென்ஷன் பெரியவர்கூட, "என்ன சார், நேத்து ரெஸ்டா?" என்பார். ஆகவே ஆதரவு கிடைக்காத போராட்டத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு என்று நினைத்திருப்பார்கள் போல.

'பொதுமக்கள்' என்கிற சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

2018 ஜனவரி 4 மாலை, சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்ததும் தமிழ்நாடு முழுக்க அரசுப் பஸ்கள் நின்றன. ஒரு லட்சத்துக்கும் மேலான தொழிலாளர்கள், இருபதாயிரத்துக்கும் மேல் பஸ்கள். மறுநாள் காலைப் பத்திரிகையில் என்ன தலைப்பு வந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள். 'பொதுமக்கள் கடும் அவதி'. எட்டு நாள் போராட்டம் நடந்தது, எட்டு நாளும் இதே வரிதான். கையில் பையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிற ஓர் அம்மாவின் படம் பக்கத்தில் இருக்கும். அந்த அம்மாவிடம் யாராவது பேசினார்களா? எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாள், என்ன வேலை, டிரைவரைப் பற்றி என்ன நினைக்கிறாள்? ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் அவதிப்பட்டால் மட்டும் போதும். அவதிப்படுகிற வரைக்கும்தான் அவள் பொதுமக்கள்.

கோரிக்கை என்ன என்பதை எத்தனை பேர் படித்திருப்போம்? பழைய ஊதிய ஒப்பந்தம் 2016 ஆகஸ்டு கடைசியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கும் மேலாக இழுபறி. அடிப்படைச் சம்பளத்தை 2.57 ஆல் பெருக்கித் தா என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். மற்ற அரசு ஊழியர்களுக்கு 2017இல் கொடுத்த அதே எண் அது. அரசு 2.44 என்றது. "தசம புள்ளிக்காகவா இத்தனை பேரை நடக்கவிட்டாங்க"ன்னு எங்க பாங்கிலேயே ஒருத்தர் கேட்டார். அந்தத் தசமத்தை இருபது வருச சர்வீசோடு பெருக்கிப் பாருங்கள், பென்ஷன் வரைக்கும் தொடரும். இன்னொன்று அதைவிட மோசம். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பி.எப்., எல்.ஐ.சி., கூட்டுறவுச் சங்கக் கடன் என்று பிடித்த பணத்தைக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் கழகங்கள் செலவழித்துவிட்டன. சங்கங்கள் அதற்குச் சொன்ன கணக்கு சுமார் 7,000 கோடி. பணம் பிடித்தாயிற்று என்று சம்பளச் சீட்டு சொல்லும், கட்டவில்லை என்று நோட்டீஸ் வீட்டுக்கு வரும். ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டர் அப்படி ஒரு நோட்டீசைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கவுண்டருக்கு எடுத்து வந்தார். "இத என்னான்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றார். படித்தேன். சொல்வதற்குத்தான் நாக்கு வரவில்லை.

போராட்டம் தொடங்கிய மறுநாளே உயர்நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, இல்லாவிட்டால் நடவடிக்கை என்றது. அதே வாரத்தில் சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. சம்பளத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக்குகிற மசோதா வந்தது. அதற்குப் பெருக்கல் எண் என்ன என்று கணக்குத் தெரிந்த மாணவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி 11 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராகப் போட்ட பிறகு, 2.44ஐ இடைக்கால ஏற்பாடாக எடுத்துக்கொண்டு பஸ்ஸை எடுத்தார்கள். சரியாக ஒன்பதாவது நாள், ஜனவரி 20, கட்டணத்தை உயர்த்தினார்கள். மூன்று ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய் ஆனது. அன்றைக்கு ரோட்டுக்கு வந்தவர்கள் மாணவர்கள். ஒரு வாரத்தில் கொஞ்சம் குறைக்கவும் செய்தார்கள். முந்தின வாரம் டிரைவரைத் திட்டிய அதே வாய்கள்தான் இந்த வாரம் அரசைத் திட்டின. இரண்டு வாரத்துக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டிருக்க முடியாதா என்பது என் மனசில் இன்னும் கிடக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு காலனி. அம்மா டவுனில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள், ஒரு கிளினிக்கைக் கூட்டித் துடைத்தாள். அந்த எட்டு நாளும் ஷேர் ஆட்டோக்காரன் ஒன்றுக்கு மூன்றாகக் கேட்டான். அம்மா நடந்தாள். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. நான் வேலை பார்க்கிற ஊரிலிருந்து போன் பண்ணி, "ஒரு வாரம் லீவு போடும்மா" என்றேன். "லீவு போட்டா நாளைக்கு வேற ஆள வச்சுருவாக" என்றாள். டிரைவர்களைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவுகளுக்கும் புள்ளகுட்டி இருக்குல்லப்பா, குடுக்க வேண்டியத குடுத்துத் தொலைக்க வேண்டியதான" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இருந்தாலும் அந்தச் செவத்த கண்டக்டருக்கு இது வேணும்" என்றாள்.

தோழர்களே, இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் என் பேச்சு முழுக்க இருக்கிறது.

அந்தச் 'செவத்த கண்டக்டர்' யார் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் இரண்டு ஸ்டாப். ஒன்று ஊர் ஸ்டாப், நிழற்குடை உண்டு. அடுத்தது காலனி ஸ்டாப், ஒரு வேப்பமரம் உண்டு. ஊர் ஸ்டாப்பில் பஸ் நிற்கும். காலனி ஸ்டாப்பில் பஸ் 'நின்றுவிட்டதாக' ஆகும். மரத்தைத் தாண்டி அம்பது அடி போய் வேகம் குறையும், நாங்கள் ஓடுவோம். ஓடும்போதே விசில் அடித்துவிடுவார். தூக்குவாளி வைத்திருக்கிற பொம்பளைங்க எப்படி ஓட முடியும்? ஏறினவுடன், "வரும்போதே ரெடியா நிக்கத் தெரியாதா" என்று ஒரு பாட்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு ஓடுகிற தூரம் இன்னும் கூடிப்போனது. 'ஓசி டிக்கெட்டு' என்கிற வார்த்தையும் சேர்ந்துகொண்டது. அம்மா மாசம் நானூறு, ஐநூறு மிச்சம் பிடிக்கிறாள். மிச்சத்தோடு அந்த வார்த்தையையும் வாங்கிக்கொண்டு வருகிறாள். எல்லாக் கண்டக்டரும் அப்படி இல்லை. மரத்தடியில் சரியாக நிறுத்தி, "மெதுவா ஏறு ஆத்தா" என்கிறவரும் உண்டு, அவர் நம்ம ஆளாகத்தான் இருக்கணும் என்பதும் இல்லை. ஆனால் பஸ் நிற்காததைப் பற்றி எந்தச் சங்கத்தின் வாயிற்கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சம்பளம், பஞ்சப்படி, ஓவர்டைம், எல்லாம் நியாயம். காலனி ஸ்டாப் தொழிற்சங்கப் பிரச்சினை இல்லையாம்.

இன்னொரு ஆளையும் சொல்லியாக வேண்டும். என் அத்தை மகன். ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு டாட்டா ஏஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். 2018 போராட்டத்தில் தற்காலிக டிரைவர் வேண்டும் என்று டெப்போவில் கூப்பிட்டதும் ஓடினான். ஐந்து நாள் ஓட்டினான். 'அரசுப் பஸ் ஓட்டிட்டேன்டா' என்று வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினான். கண்ணாடி முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறான், கழுத்தில் துண்டு. இரண்டாம் நாளே ஒரு ஸ்டாண்டில் வைத்துக் 'கருங்காலி' என்று கத்தியிருக்கிறார்கள். அது போராட்டத்தின் வசவு, விடுங்கள். கூடவே சாதிப் பெயரையும் சேர்த்துக் கத்தியிருக்கிறார்கள். அது எந்தப் போராட்டத்தின் வசவு? பதினோராம் தேதி ராத்திரி, "நாளைக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று நம்பியிருந்தான். அவன் செய்தது தவறு. அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "நீ பாங்குக்காரன், ஒனக்கு ஸ்ட்ரைக்கு. எனக்கு எதுல ஸ்ட்ரைக் பண்ணச் சொல்ற?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஏழு வருசம் ஆகியும் வார்த்தை கிடைக்கவில்லை.

சரி, பொதுசனத்துக்குத் திரும்புகிறேன். பொதுசனம் பஸ்ஸுக்காக இரக்கப்படுவதையும் கோபப்படுவதையும் பேசுகிறோம். பொதுசனம் பஸ்ஸில் ஏற மறுத்த கதை ஒன்று இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள்.

1997. அப்போது எனக்கு ஒன்பது வயசு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு பெயர். பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், திருவள்ளுவர். மன்னர்களும் புலவர்களும் தலைவர்களும் டீசல் புகையோடு ஊர் ஊராகப் போனார்கள். அந்த வருசம் எங்கள் மாவட்டத்துக்கென்று புதுசாக ஒரு கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். சுந்தரலிங்கம் யார்? கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனின் தளபதி, வெள்ளைக்காரனோடு நடந்த சண்டையில் செத்தவர். நம்ம ஆள். கட்டபொம்மன் பெயர் எழுதிய பஸ்ஸில் எல்லாச் சாதியும் ஏறியது. அவருடைய தளபதி பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் சொன்னார்கள். அந்தப் பெயர் போட்ட டிக்கெட்டைக் கையால் வாங்குவது கேவலமாம். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்தால் அசிங்கமாகத் தெரியும் அல்லவா? ஜூலையில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. சமத்துவம்! 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்கிற பொதுப்பெயர் இப்படித்தான் எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஒரு பள்ளன் பெயரைத் தாங்க முடியாமல் பிறந்த பொதுமை அது.

அப்பா என்னைத் தோளில் தூக்கி அந்தப் பஸ்ஸைக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'சுந்தர' வரைக்கும் வாசிப்பதற்குள் பஸ் போய்விட்டது. மீதியை அடுத்த பஸ்ஸில் வாசிக்கலாம் என்று அப்பா சொன்னார். அடுத்த தடவை பார்த்தபோது அந்த இடத்தில் புதுப் பெயிண்ட்.

அதே கோடையில், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். பஸ்ஸுக்குள்ளும் பொதுசனம் இருந்தது.

நான் கேட்பது இதுதான். பெயரை அழித்தபோது ஓட்டியவர்கள், நடத்தியவர்கள், ஒர்க்‌ஷாப்பில் ரிஞ்சு பிடித்தவர்கள் எல்லாம் சங்கத்தில் இருந்தார்கள். 'எங்கள் பஸ்ஸுக்கு யார் பெயர் என்பதைச் சாதி வெறியன் முடிவு செய்ய முடியாது' என்று மாநிலம் முழுக்க ஒரே ஒருநாள் சக்கரம் நின்றிருந்தால்? அந்த ஒருநாள் நின்றிருந்தால், 2018இல் எட்டு நாள் நின்றபோது எங்கள் காலனிகளிலிருந்து சோறு கட்டிக்கொண்டு டெப்போ வாசலுக்குப் போயிருப்போம். ஆதரவு கேட்டு நோட்டீஸ் அடித்திருக்க வேண்டியதே இல்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்கிற நகரத்தில் கறுப்பரையும் ஆசியரையும் பஸ் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுக்க மாட்டோம் என்று கம்பெனி சொன்னது. கம்பெனி மட்டும் சொல்லவில்லை. அங்கிருந்த தொழிற்சங்கக் கிளையும் 1955இலேயே அப்படித் தீர்மானம் போட்டு வைத்திருந்தது. உழைக்கும் வர்க்கத்தின் தீர்மானம்! 1963 ஏப்ரல் கடைசியில் கறுப்பு மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். நான்கு மாதம். ஆகஸ்டு 28 அன்று கம்பெனி இறங்கி வந்தது. செப்டம்பரில் வேலைக்கு வந்த வெள்ளையரல்லாத முதல் கண்டக்டர் ஒரு சீக்கியர், ரக்பீர் சிங். அந்தச் சங்கத்தின் வாரிசான இன்றைய சங்கம் 2013இல் மன்னிப்புக் கேட்டது. ஐம்பது வருசம் கழித்து என்று சிரிக்கலாம். கேட்டதே என்றும் சொல்லலாம். புறக்கணித்த மக்கள் பஸ் ஒழிக என்றோ சங்கம் ஒழிக என்றோ சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் காக்கிச் சட்டை எனக்கும் வேண்டும் என்றார்கள். (அங்கே காக்கி இல்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.)

அம்பேத்கர் இதைத் தெளிவாகவே வைத்துவிட்டுப் போனார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஒடுக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசும்போது, நமக்கு எதிரிகள் இரண்டு, பார்ப்பனியமும் முதலாளியமும் என்றார். அதே பேச்சில் ஒரு சின்ன விவரம் வருகிறது. எனக்கு அந்தப் பெரிய வாக்கியத்தைவிட அதுதான் பிடிக்கும். நம் ஆட்கள் கேங்மேனாகவே கிடக்கிறார்கள், போர்ட்டராக வர முடியவில்லை. ஏன்? ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் போர்ட்டரைப் பயன்படுத்துகிறார், தீண்டத்தகாதவன் போர்ட்டராக வந்தால் வீட்டுக்குள் விட முடியாது. இவ்வளவுதான் காரணம். தண்டவாளத்திலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். அதே வருசம் பம்பாய் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதா வந்தபோது, வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்குவது தொழிலாளியை அடிமையாக்குவது என்று வாதாடினார். நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தமும் நடத்தினார். சேர்ந்தார், ஆனால் கேட்டுவிட்டுச் சேர்ந்தார். பத்து வருசத்துக்கு முன் பம்பாய் மில் வேலைநிறுத்தத்தில், நல்ல கூலி உள்ள நெசவுப் பிரிவில் எங்களை ஏன் விடுவதில்லை என்று அதே தோழர்களிடம் கேட்டவர் அவர்.

வேலைநிறுத்த உரிமைக்கு இன்றைய நிலவரம் தெரியும் அல்லவா. 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேரை ஒரேயடியாக வேலைநீக்கம் செய்தார்கள். ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. அன்றைக்கும் பொதுசனத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள். 2019இல் தெலுங்கானாவில் ஆர்.டி.சி. தொழிலாளர்கள் 52 நாள் நின்றார்கள். 48,000 பேர் தாங்களாகவே வேலையை விட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. தனி மாநிலப் போராட்டத்தில் பஸ்ஸை நிறுத்தித் தோள்கொடுத்த அதே தொழிலாளர்கள். தற்கொலைகள் நடந்தன. அங்கே மக்கள் இரக்கம் நிறையவே இருந்தது. இரக்கம் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

'அப்புறம் எதுக்குய்யா நாம ஆதரிக்கணும்?' என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆதரிக்கணும். தியாகமாக இல்லை, கணக்காகச் சொல்கிறேன். நம் காலனிக்கு வருகிற ஒரே பஸ் அரசுப் பஸ்தான். நஷ்டம் நஷ்டம் என்கிறார்களே, அந்த நஷ்டத்தில் நம் காலனி ரூட் இருக்கிறது, உங்கள் மாணவர் பாஸ் இருக்கிறது. தனியார்க்காரன் லாபம் வருகிற ரூட்டில் ஓட்டுவான், வேப்பமரத்தடிக்கு வரமாட்டான். அடுத்தது, பட்டியல் சாதிக்கு 18 சதவீதம் என்பது அரசுக் கழகத்தில்தான் உண்டு. மரத்தடியில் சரியாக நிறுத்துகிற அந்த நம்ம ஆள் டிரைவர் அப்படி வந்தவர். தனியார் முதலாளி ரோஸ்டர் பார்த்தா ஆள் எடுக்கிறான்? 2025இல் சென்னையில் விட்ட மின்சாரப் பஸ்ஸில் கண்டக்டர் கழகத்து ஆள், டிரைவர் ஒப்பந்தக் கம்பெனி ஆள். இதே வழியில் போனால் இட ஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்ய வேண்டியதே இல்லை, ஒதுக்க இடமே இருக்காது. என் அத்தை மகனுக்கும் அவன் மகனுக்கும் கிடைக்க வேண்டிய ஸ்டீரிங் அங்கேதான் போகிறது. அதை அவனிடம் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், 'கருங்காலி'க்குப் பக்கத்தில் வருகிற ஒரு வார்த்தையை நானும் சொல்லிவிட்டேன்.

ஆகவே அடுத்த போராட்டம் வரும்போது நாம் போவோம். நோட்டீஸ் ஒட்டுவோம், ரத்தம் வேண்டுமென்றால் அதையும் கொடுப்போம். போவதற்கு முன் கிளைச் சங்கத்தில் உட்கார்ந்து பேசுவோம். ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். காலனி ஸ்டாப்பில் நிறுத்தாமல் போனால் சங்கமே தன் உறுப்பினரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். 'ஓசி' என்கிற வார்த்தைக்கும் அப்படியே. கிளை நிர்வாகிகளில் நம் ஆட்கள் எத்தனை பேர், கொடி கட்டுகிற வேலைக்கு எத்தனை பேர் என்று எழுத்தில் தர வேண்டும். டெப்போக்களில் ஒப்பந்தத்தில் பஸ் கழுவுகிறவர்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும், அவர்களில் முக்காலே மூணுவீசம் யார் என்று உங்களுக்கே தெரியும். வேலையில்லாமல் ஹெவி லைசென்ஸோடு திரிகிற பையன்களைப் போராட்டத்துக்கு முன்பே கூப்பிட்டுப் பேச வேண்டும், கல் எறிகிற நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 1997 பற்றியும் ஒரு பத்தி எழுதினேன். அது இப்போதைக்கு வேண்டாம், பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்று நம் தோழர் ஒருவரே சொன்னார். அடிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

கடிதம் இந்தப் பையில்தான் இருக்கிறது. எட்டேகால் கடைசிப் பஸ்ஸில் நான் ஊருக்குப் போகணும். அது காலனியில் நிற்காது, ஊர் ஸ்டாப்பில் இறங்கித்தான் நடக்கணும். அதுவரைக்கும் இங்கேதான் இருப்பேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் வாருங்கள், திருத்த வேண்டும் என்றாலும் வாருங்கள்.